பிரதி கைமாறுவதற்கு முன்

நாவலின் கடைசி வரியை எழுதி முடித்த இரவிலேயே பதிப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பிவிடத் தோன்றும். அனுப்பாதீர்கள். அந்த இரவுக்கும் ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திடும் நாளுக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது இந்த அத்தியாயம். எழுதுவதைப் பற்றி முந்தைய அத்தியாயங்களில் பேசியாயிற்று. இனி உங்கள் பிரதி ஒரு சரக்கு. அதைச் சரக்கு என்றால் முகம் சுளிக்கிற எழுத்தாளர்கள் உண்டு. ராயல்டி வரவில்லை என்று பிறகு மேடையில் புலம்புகிறவர்களும் பெரும்பாலும் அவர்களேதான்.

திருத்துகிறவர் யார்?

தமிழ்ப் பதிப்புலகில் எடிட்டர் என்ற ஆள் அரிது. 1974இல் தொடங்கிய க்ரியா போன்ற விதிவிலக்குகள் உண்டு. அதை நடத்திய ராமகிருஷ்ணன் ஒரு பிரதியை வரிவரியாகச் செப்பனிடுவதில் பேர் போனவராக இருந்தார். பெரும்பாலான இடங்களில் உங்கள் கோப்பு நேராகப் பக்க வடிவமைப்புக்குப் போகும், அங்கிருந்து மெய்ப்புத் திருத்துபவரிடம் போகும். அவர் பார்ப்பது எழுத்துப்பிழையை, ஒற்றுப்பிழையை. மூன்றாம் அத்தியாயத்தில் விதவையாக இருந்த அத்தை ஒன்பதாம் அத்தியாயத்தில் மாமாவோடு கல்யாணத்துக்குக் கிளம்புவதை அவர் கவனிக்க மாட்டார். கவனித்தாலும், பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குகிற கூலியில் அதைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

ஆகவே அந்த வேலையை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். முதல் வாசகராக இன்னொரு எழுத்தாளரைப் பிடிப்பது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர் உங்கள் நாவலைத் தன் நாவலாக மாற்றச் சொல்வார், அல்லது நட்புக்காகப் பாராட்டிவிட்டுத் தன் கைப்பிரதியை நீட்டுவார். கதை நடக்கும் களத்தை அறிந்த ஒருவரிடம் கொடுங்கள். தறிப்பட்டறையைப் பற்றி எழுதியிருந்தால் தறி ஓட்டியவரிடம், நீதிமன்றம் வந்தால் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம். ‘நல்லா இருக்கு’ என்ற பதில் பயன்படாது. எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போனார் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தனித்தாளில் ஒரு பட்டியல் போடுங்கள்: பாத்திரங்களின் பெயர், வயது, உறவுமுறை, நிகழ்ச்சிகள் நடக்கும் ஆண்டு. அதே தாளின் கீழ்ப்பாதியில் உங்கள் எழுத்துமுறை முடிவுகள். கோயிலா கோவிலா, சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா, 1980இல் என்பதா 1980ல் என்பதா, மேற்கோள்குறி ஒற்றையா இரட்டையா. எதைத் தேர்ந்தாலும் சரிதான், கடைசி வரை அதுவே இருந்தால் போதும். சந்தேகம் வரும்போது பார்க்க க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மேசையில் இருக்கட்டும்.

வட்டாரப் பேச்சில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. உங்கள் ஊர்ச் சொல் மெய்ப்புத் திருத்துபவருக்குப் பிழையாகத் தெரியும்; நல்ல எண்ணத்தோடு அதைத் ‘திருத்தி’விடுவார். அச்சான பிறகுதான் உங்கள் பாட்டி செய்தித்தாள் தமிழில் பேசியிருப்பது தெரியும். தொடக்கூடாத சொற்களின் பட்டியலைப் பொருளோடு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கரிசல் வழக்குக்குக் கி. ராஜநாராயணனும் கொங்கு வழக்குக்குப் பெருமாள்முருகனும் தொகுத்த அகராதிகள் இருக்கின்றன. உங்கள் சொல் அவற்றில் இருந்தால் வாதாட வேண்டிய தேவையே இல்லை.

கோப்பை யூனிகோடில் கொடுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிறகு மாற்றிய பிரதிகளில் துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’வும், ஔகாரத்தின் பின்பாதி இருக்க வேண்டிய இடத்தில் ‘ள’வும் உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதால் மெய்ப்பில் தப்பிவிடும். காகிதப் புத்தகத்தில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் மின்நூலில் வாசகர் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. வாணி போன்ற பிழைதிருத்திகளில் ஒருமுறை ஓட்டினால் இந்த வகைத் தவறுகள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். சந்திப்பிழைக்கு அவற்றை முழுக்க நம்ப வேண்டாம்.

ஃபாரக் கணக்கு

அச்சகத்தில் புத்தகத்தை ஃபாரத்தால் எண்ணுவார்கள். ஒரு ஃபாரம் 16 பக்கம். தமிழ் நாவல்கள் பெரும்பாலும் டெம்மி 1/8 அளவில், அதாவது ஏறக்குறைய 5.5க்கு 8.5 அங்குலத்தில் வருகின்றன. சிறிய கவிதைத் தொகுப்புகளுக்கு கிரவுன் 1/8. டெம்மி பக்கம் ஒன்றில், எழுத்தின் அளவைப் பொறுத்து, 200 முதல் 230 சொற்கள் அடங்கும். 40,000 சொல் பிரதி, தலைப்புப் பக்கங்களையும் சேர்த்து, 12 ஃபாரத்தில், அதாவது 192 பக்கத்தில் அடங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 195 பக்கமாக வழிந்தால் அரை ஃபாரம் கூடும். மூன்று பக்கத்துக்காக எட்டுப் பக்கத்தின் செலவு. அந்த மூன்று பக்கம் அநேகமாக முன்னுரையில் இருக்கும்.

முன்னுரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரை, என்னுரை என்று 24 பக்கம் கடந்த பிறகு கதை தொடங்குகிற புத்தகங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடையில் புரட்டிப் பார்க்கிறவர் முதலில் படிக்க வேண்டியது உங்கள் வாக்கியத்தை. ஒரு அணிந்துரை வேண்டுமென்றால் நூலின் கடைசியில் போடச் சொல்லுங்கள். அதனால் யாருக்காவது மனவருத்தம் வந்தால், அவர் புத்தகத்தைப் படிக்காமல் எழுதினார் என்று பொருள்.

பிறர் வரிகள்

அத்தியாயத் தலைப்பில் ஒரு சினிமாப் பாட்டு வரி வைப்பது பலருக்கும் பிடிக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஒருவரின் எழுத்து அவர் வாழ்நாளுக்கும், அவர் இறந்த ஆண்டுக்குப் பிந்தைய 60 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை உடையது. பாரதி 1921இல் மறைந்தவர், அவர் வரி யாருக்கும் பொது. கண்ணதாசன் மறைந்தது 1981. கணக்குப்படி 2041 முடியும் வரை அனுமதி தேவை. திரைப்பாடல் என்றால் உரிமை கவிஞரின் குடும்பத்திடமா, தயாரிப்பாளரிடமா, இசைநிறுவனத்திடமா என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. விமர்சனத்துக்காகச் சில வரிகளை எடுத்துக்காட்டச் சட்டம் இடம் தருகிறது. அலங்காரத்துக்காகத் தலைப்பில் வைப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. வரியை எடுத்துவிடுங்கள், அத்தியாயம் பிழைத்துக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பாளர்கள் முதல் பக்கத்தைத் தொடும் முன்பே மூல ஆசிரியரிடமோ அவர் பதிப்பாளரிடமோ எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். 400 பக்கம் மொழிபெயர்த்த பிறகு, தமிழ் உரிமை வேறொருவரிடம் இருப்பது தெரிய வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

யாரிடம் கொடுப்பது

புத்தகக் காட்சியில் ஒரு முழு நாளை இதற்காக ஒதுக்குங்கள். 1977 முதல் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி என்றில்லை, ஈரோடு, மதுரை, கோவை, நெய்வேலி எதுவானாலும் சரி. அரங்கு அரங்காகப் போய், உங்கள் புத்தகம் எந்தப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அடுக்கப்படும் என்று பாருங்கள். அறிவியல் கட்டுரைகளைப் போடாத பதிப்பகம் உங்களுக்காகத் தொடங்காது. போன ஆண்டின் புத்தகம் ஒன்றை வாங்கி, தாளையும் கட்டுமானத்தையும் பாருங்கள். நடுவில் விரித்தால் முதுகு விட்டுப்போகிறதா, அச்சு ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் சாம்பலாகவும் இருக்கிறதா, பக்கத்துக்கு எத்தனை பிழை. அந்தப் பதிப்பகத்தில் ஏற்கெனவே புத்தகம் போட்ட இருவரிடம் பேசுங்கள். ராயல்டி கணக்கு எழுத்தில் வருகிறதா என்ற ஒரு கேள்வி போதும். பதில் வர எடுக்கும் நேரத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஓரிரு கதைகளோ கட்டுரைகளோ இதழில் வந்திருந்தால் நல்லது. கணையாழி, காலச்சுவடு, உயிர்மை போன்ற அச்சிதழ்களும் சொல்வனம், வல்லினம் போன்ற இணைய இதழ்களும் புதியவர்களைப் படிக்கின்றன. பதிப்பாளருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நூலின் வகை, சொல் எண்ணிக்கை, ஐந்தாறு வரியில் சாரம், எழுதிய உங்களுக்கும் பொருளுக்கும் என்ன சம்பந்தம், உங்கள் எழுத்து முன்பு எங்கே வெளியாகியிருக்கிறது. கூடவே முதல் இரண்டு அத்தியாயம். மூன்று மாதம் வரை பொறுங்கள், ஒருமுறை நினைவூட்டுங்கள். பதில் இல்லை என்றால் அதுவே பதில்.

பணம் எங்கே போகிறது

250 ரூபாய் விலையுள்ள ஒரு நாவலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் 35 முதல் 40 சதவீதம் கழிவு போனால் பதிப்பாளர் கையில் 150 ரூபாயை ஒட்டி வரும். அதில் அச்சு, தாள், வடிவமைப்பு, அட்டை, குடோன், லாரி, கடையிலிருந்து கசங்கித் திரும்பும் பிரதி எல்லாம் அடக்கம். உங்களுக்கு 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 25 ரூபாய். ஒருகாலத்தில் முதல் பதிப்பே 1,000 பிரதி போட்டார்கள். இன்று புதியவர் ஒருவருக்கு 300 என்பதே தைரியமான எண், தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 50 பிரதிகூடப் போடலாம். 300 பிரதியும் விற்றால் உங்களுக்கு 7,500 ரூபாய். நூலை எழுத எடுத்த காலத்தை இதோடு வகுத்துப் பார்க்க வேண்டாம்.

இந்தக் கணக்கால்தான் பல பதிப்பகங்கள் எழுத்தாளரிடம் பணம் கேட்கின்றன, அல்லது நூறு பிரதியை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்கின்றன. இதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். சேவைக்குக் கூலி வாங்குவதாக வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அது ஒரு தொழில். பணத்தை வாங்கிக்கொண்டு ‘உங்கள் எழுத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்’ என்று கடிதம் கொடுத்தால்தான் தகராறு. பணம் கட்டுவதாக முடிவெடுத்தால் மூன்றை எழுத்தில் கேளுங்கள். எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்பதற்கு அச்சக பில், மீதிப் பிரதிகள் யாருக்குச் சொந்தம், வடிவமைத்த மூலக்கோப்பும் அட்டையின் கோப்பும் உங்கள் கைக்கு வருமா. பணம் உங்களுடையது, உரிமை மட்டும் அவருடையது என்கிற ஏற்பாட்டில் சேர வேண்டாம்.

சொந்தமாகப் போட நினைப்பவர்களுக்கு முன்பதிவு நல்ல வழி, பழைய வழியும்கூட. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார். 150 பேர் முன்பணம் கட்டியிருந்தால் அச்சகத்தில் கடன் சொல்ல வேண்டியதில்லை, கட்டிலுக்கு அடியில் கரையானுக்குப் பிரதி சேர்க்கவும் வேண்டியதில்லை.

ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது, இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். அதற்கென்று யாராவது தனிக்கட்டணம் கேட்டால் என்னத்துக்கு என்று கேளுங்கள். நூல் வழங்கல் சட்டம் 1954இன்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மற்ற சட்டப்படியான நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டியது பதிப்பாளர் பொறுப்பு. நீங்களே பதிப்பாளர் என்றால் உங்கள் பொறுப்பு. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள். சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

ஒப்பந்தம்

‘நமக்குள்ள என்ன சார் ஒப்பந்தம்’ என்பார் பதிப்பாளர். அன்பாகத்தான் சொல்வார். உங்களுக்கும் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, கொடுப்பவர் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்கிறது. வாய்ப்பேச்சில் விட்டால் உரிமை உங்களிடம்தான் இருக்கும், உண்மை. ஆனால் எத்தனை சதவீதம், எந்த விலையின் மேல், எப்போது தருவார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

அதே பிரிவில் எழுத்தாளர்கள் பலர் அறியாத சில நல்ல விஷயங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுக்கு மட்டுமே என்று கொள்ள வேண்டும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். தமிழ் நூலுக்கு இது சின்ன விஷயம் இல்லை, இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உங்கள் வாசகர் இருக்கிறார். ஓர் ஆண்டுக்குள் பதிப்பாளர் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், அதாவது நூலைப் போடாமல் கிடப்பில் வைத்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாத வரை அந்த உரிமை காலாவதியாகிவிடும். ‘வேறு விதமாக’ எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்கிறேன்.

‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக’ என்ற தொடர் கண்ணில் பட்டால் பேனாவை மூடுங்கள். ஒரு புத்தகத்துக்குள் பல உரிமைகள் இருக்கின்றன: அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, நாடகம், திரைப்படம். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. 2019இல் வெற்றிமாறன் அதை ‘அசுரன்’ ஆக்கினார். 37 ஆண்டு கழித்து யார் கதவைத் தட்டுவார் என்று முதல் பதிப்பின்போது யாருக்குத் தெரியும்? பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2023 சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது. அச்சுரிமையை மட்டும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குக் கொடுத்து, மற்றவற்றைக் கையில் வைத்திருப்பதே என் யோசனை. மொழிபெயர்ப்பை விற்றுத்தரும் தொடர்பும் ஆளும் பதிப்பகத்திடம் உண்மையிலேயே இருந்தால் அதையும் கொடுக்கலாம், வருமானத்தில் பெரும்பங்கு உங்களுக்கு என்று எழுதிக்கொண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்த நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது, பெயர் சொல்லி எழுதியிருந்தாலன்றி. இனி வரப்போகிற எல்லா ஊடகங்களும் என்ற மாதிரி வாக்கியங்கள் அதனால்தான் இப்போது தலைகாட்டுகின்றன. அடித்துவிடச் சொல்லுங்கள்.

ராயல்டி வரியில் ஒரு சொல்லைத் தேடுங்கள். நூலின் விலையில் 10 சதவீதமா, நிகர வரவில் 10 சதவீதமா? மேலே சொன்ன 250 ரூபாய் நாவலுக்கு முதலாவது 25 ரூபாய், இரண்டாவது 15. நூலக ஆணை பற்றித் தனியாக ஒரு வரி வேண்டும். பொது நூலகத் துறை வாங்கும் விலை அட்டையில் அச்சிட்ட விலையைவிடக் குறைவாக இருக்கலாம். அந்தப் பிரதிகளுக்கு எந்த விலையின் மேல் ராயல்டி என்பதை முன்பே பேசிவிடாவிட்டால் ஆணை கிடைத்த பிறகு பேச முடியாது. உங்களுக்குத் தரும் இலவசப் பிரதி எத்தனை, கூடுதலாக வாங்கினால் என்ன கழிவு, இவையும் எழுத்தில்.

இன்னொன்று. 57ஆம் பிரிவின்படி, எல்லா உரிமையையும் விற்றுவிட்டாலும்கூட நூல் உங்களுடையது என்று சொல்லிக்கொள்ளவும், உங்கள் பேருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் எதிர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அத்தியாயத்தைக் கேட்காமல் வெட்டிய பதிப்பாளரிடம் இந்தப் பிரிவு எண்ணைச் சொன்னால் குரல் கொஞ்சம் இறங்கும்.

மின்நூலை நீங்களே வைத்துக்கொண்டால் கிண்டிலில் போடலாம். 2016 முதல் அங்கே தமிழ் வருகிறது. இந்திய விற்பனைக்கு 70 சதவீதப் பங்கு வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாள் தவணைகளாக அந்த மின்நூலை வேறெங்கும் தரக் கூடாது. சேராவிட்டால் 35.

எப்போது கொடுப்பது

எல்லோருக்கும் பொங்கலை ஒட்டிய சென்னைக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டும். அதனால் டிசம்பரில் அச்சகங்கள் இரவு பகலாக ஓடும், மெய்ப்பு ஒரே மூச்சில் பார்க்கப்படும், அட்டையில் ஆசிரியர் பெயரிலேயே பிழை வரும். ஜனவரிப் புத்தகத்தின் இறுதிப் பிரதி ஆகஸ்ட்டில் பதிப்பாளரிடம் இருக்க வேண்டும். தவறினால் அவசரப்படாமல் ஜூலை, ஆகஸ்ட்டில் வரும் கோவை, ஈரோடு காட்சிகளைக் குறிவையுங்கள். ஒரே நாளில் வெளியாகும் நூற்றுக்கணக்கான புத்தகங்களுக்கு நடுவே காணாமல் போவதைவிட அது மேல். அச்சுக்குப் போகும் முன் கடைசி மெய்ப்பை நீங்களே காகிதத்தில் பாருங்கள். திரையில் பார்த்தால் கண் தாண்டிப் போகும்.

நூல் வந்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, ஒப்பந்தத்தில் குறித்த மாதத்தில், விற்பனைக் கணக்கைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் கேட்டால் பதிலும் போனிலேயே வந்து போய்விடும். பிரதி தீர்ந்து மறுபதிப்பு வராமல் இருந்தாலோ, ஒப்பந்தக் காலம் முடிந்தாலோ, உரிமை திரும்பிவிட்டதாக ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் போடுங்கள். கடிதத்தின் நகல், தபால் ரசீது, ஒப்பந்தம் மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். மறுபதிப்புப் போட வரும் அடுத்த பதிப்பாளர் முதலில் அந்தக் கோப்பைத்தான் கேட்பார்.